வாசல் விளக்கும் அம்மாவின் சாமந்தியும்

பாப்பாவுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் நல்ல சுகத்தோடு இருக்க வேண்டும். இங்கே முழங்காலைத் தவிர எனக்கு எல்லாம் சுகம். அதுவும் படியேறும்போதுதான் பேசுகிறது, மற்ற நேரம் என்னைப் போல வாயை மூடிக்கொண்டு கிடக்கிறது. உன் அறையின் ஜன்னல் கொக்கியை மாற்றிவிட்டேன். பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இப்போது என் சட்டையில் பட்டன் இல்லாததெல்லாம் தெரிந்து தொலைக்கிறது. மாப்பிள்ளைக்கு இருமல் விட்டதா? ஏசிக்கு நேர் கீழே படுக்க வேண்டாம் என்று சொல்.

போனில் சொன்னால் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்றுதான் எழுதுகிறேன். போன வருடம் உனக்கு அனுப்பினேனே, வாசல்படி ஓரம் உன் அம்மா வைத்த சாமந்தி மஞ்சள் மஞ்சளாய்ப் பூத்திருந்த போட்டோ, அது பொய். அம்மா போனபிறகு அந்தச் செடி ஒரு பூகூடப் பூக்கவில்லை. நீ போனுக்குப் போன் பூத்ததா என்று கேட்டுக்கொண்டே இருந்தாய், நானும் கடையில் பூ வாங்கிவந்து, மெல்லிய செம்புக் கம்பியால் கிளைக்குக் கிளை கட்டிவிட்டேன். முப்பத்தாறு வருடம் கரண்ட் கம்பத்தில் ஏறி வயர் முறுக்கிய கை, ஒரு முடிச்சும் வெளியே தெரியவில்லை. நீ அதைப் பார்த்து அழுதாய். அன்றிலிருந்து அந்தச் செடியை நிமிர்ந்து பார்க்க எனக்கு முகம் இல்லை.

எருவுக்கும் தண்ணீருக்கும் குறை வைக்கவில்லை. இடுப்புயரத்துக்கு இலையாகத் தழைக்கிறதே தவிர மொட்டைக் காணோம். கடைசியில் நர்சரிக்காரரைக் கையோடு கூட்டிவந்தேன். அவர் செடியைப் பார்க்கவே இல்லை, மேலே எரிந்துகொண்டிருந்த வாசல் விளக்கைப் பார்த்தார். “பெரியவரே, ராத்திரி பூரா லைட் எரிஞ்சா இது இன்னும் பகல்னுதானே நினைச்சுக்கும்? சாமந்திக்கு இருட்டு வேணும், நீண்ட ராத்திரி வேணும். அப்பத்தான் மொட்டு வைக்கும்” என்றார். ஊருக்கெல்லாம் வெளிச்சம் கொடுத்தவனுக்கு இது தெரியவில்லை பார்.

அந்த விளக்கு எதற்கு எரிகிறது என்று அவருக்கு நான் சொல்லவில்லை. அம்மா காரியம் முடிந்து நீ கிளம்பும்போது, அடுத்த லீவுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்பேன் என்றாய். இருட்டில் அந்தப் படியில் நீ ஒருமுறை தடுக்கி விழுந்தவள். அதனால் போட்டேன், மூன்று வருடமாக ஒரு நாளும் அணைக்கவில்லை. வாசலில்தான் விளக்கு எரிகிறது, நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில் எரியவில்லையே என்று தையல்காரம்மா கேட்பார். கரண்ட் பில் என்று சொல்லிச் சிரித்து மழுப்புவேன்.

செடியைப் பெயர்த்து வேறு இடத்தில் வைக்கலாம் என்றால் அது அம்மா வைத்த இடம், மனசு வரவில்லை. சாயங்காலம் ஆனதும் பழைய தார்ப்பாயைப் போட்டு மூடினேன், ஒரு கிளை ஒடிந்ததுதான் மிச்சம். ஐந்து வாரம் முன்னால் ஸ்விட்சை அணைத்தேன். இனிமேல் நீ வரமாட்டாய் என்று நானே சொல்லிக்கொண்ட மாதிரி இருந்தது.

நேற்றுக் காலை பார்த்தேன், மிளகு அளவில் பதினோரு மொட்டு. கம்பி கட்டாத மொட்டு. இன்னும் நாலு வாரத்தில் விரியுமாம், அப்புறம் பதினைந்து நாள் நிற்குமாம்.

லீவு கிடைக்கவில்லை என்று நீ சொல்லும்போதெல்லாம் பரவாயில்லை என்றேனே, அதுவும் பொய்தான் பாப்பா. வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறது.

இரண்டு பேரும் நோய் நொடி இல்லாமல் நிறைவாக இருங்கள். வேளைக்குச் சாப்பிடு. வருகிற தேதியை மட்டும் மறக்காமல் எழுது. அன்றைக்கு ஒரு நாள் விளக்கைப் போட்டு வைக்கிறேன்.

உன் வரவுக்குக் காத்திருக்கும்,
அப்பா