என் கலயம் மட்டும் உடையவில்லை

நீடாமங்கலம்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் இருமல் குறைந்ததா? தம்பி ஒழுங்காகச் சாப்பிடுகிறானா? நான் நன்றாகப் படிக்கிறேன். மாமா வீட்டில் எல்லோரும் தூங்கியபின் எழுதுகிறேன்.

மாமாவின் சக்கரத்தில் இரகசியமாக ஒரு கலயம் வனைந்தேன், அம்மா. களிமண் கைக்குள் எழும்பி வந்தபோது சிரித்துவிட்டேன். அதை அவருக்குத் தெரியாமல் சூளையில் வைத்தேன். அவருடைய பொங்கல் பானைகள் ஈரம் காயாமல் வெடித்துவிட்டன. நன்றாகக் காயவைத்திருந்த என் கலயம் மட்டும் முழுசாக வந்து என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

"பொட்டப்புள்ள சக்கரத்துல கை வெச்சா சூளை வெடிக்காம என்னடி செய்யும்?" என்று என் கையைச் சுடுசாம்பலில் அழுத்தினார். பயப்படாதே, இரண்டு விரலில்தான் கொப்புளம். தீப்புண் மருந்து வாங்கி வா.

அத்தை புரண்டு படுக்கிறாள், முடிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மறுபடி சூளை வைக்கிறார். இந்த மழையில் பானைகள் இன்னும் காயவில்லை. அதற்குள் வந்துவிடு, அம்மா.

உன் தமிழ்நிலா