இரண்டு ரிமோட் ட்ரோன்

ஜன. 18, ஞாயிறு
காலையில் கடும் பனி. செம்மண்டலத்தில் எதிர்வீட்டு மாடிகூடத் தெரியவில்லை. துவைத்த துணி இன்னும் ஈரம்.

சிதம்பரம் பைபாஸில் புது ஹோட்டல். ரிசப்ஷன் சுவர் முழுக்க ஒரே படம் வேண்டுமாம். முன்னால் ஹோட்டல், சுற்றி வயல், தூரத்தில் கோபுரம், விடிகாலை வெளிச்சம். முதலாளி போனில்: "அறுப்புக்கு முன்னாடி முடிச்சுக் குடுத்துருங்க சார். பர்மிஷன்லாம் நான் பாத்துக்கிறேன்."

பழைய ட்ரோன் மழையில் நனைந்து செத்துவிட்டது. இனி எதை வாங்க?

பெரியது: லென்ஸ் மாற்றலாம். சென்சார் பெரிது. கடல்காற்றுக்கு அசையாது. இரண்டு ரிமோட், ஒருவர் ஓட்ட, ஒருவர் கேமரா பார்க்க.
சின்னது: லென்ஸ் மாற்ற முடியாது. தோள்பையில் அடங்கும். ஒரே ரிமோட்.

பெரியதுதான் என்று மனசு சொல்கிறது. எத்தனையோ வருடம் சலீம் ஓட்டினான், நான் கேமரா பார்த்தேன். அவன் ஷார்ஜா போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. அதன்பிறகு நான் ட்ரோன் படமே எடுக்கவில்லை. "ரம்ஜான் முடிஞ்சதும் வந்துர்றேன் மச்சான்" என்கிறான். எந்த ரம்ஜான் என்று நானும் கேட்டதில்லை.

ஜன. 20, செவ்வாய்
வெயில். பாண்டி போய் இரண்டு ட்ரோனையும் வாடகைக்கு எடுத்து வந்தேன். வாங்கும் முன் பறக்கவிட்டுப் பார்க்க வேண்டும்.

கடைக்காரர்: "ஸ்டில்லா, வீடியோவா சார்?"
"ஸ்டில்லு."
"அப்பறம் எதுக்கு ரெண்டு ரிமோட்டு? ஒரே எடத்துல நிறுத்தி எடுக்கப்போறீங்க. ஒரு ஆளே ஜாஸ்தி."
"இருக்கட்டும்" என்றேன்.

வீட்டுக்கார அக்கா படியில்: "ஊர்ல தான் இருக்கியா தம்பி? சத்தமே இல்லியேன்னு பாத்தேன்." சத்தம் போட இன்னொரு ஆள் வேண்டுமே அக்கா என்று நினைத்துக்கொண்டே படியேறினேன். இரவு மெஸ் தோசை.

ஜன. 21, புதன்
இருட்டோடு பைக்கில் சிதம்பரம். முதலில் பெரியது. நானே ஓட்டி நானே எடுத்தேன். இரண்டாவது ரிமோட் பெட்டியைவிட்டு வெளியே வரவேயில்லை. படம் அருமை, குறை சொல்ல ஒன்றுமில்லை.

அடுத்தது சின்னது. வயலுக்கு மேல் ஆணி அடித்த மாதிரி நின்றது. சூரியன் வந்து, பழுக்கிற கதிரில் வெளிச்சம் அப்போதுதான் விழுந்தது. விரல் பட்டனில். அழுத்தவில்லை. எதற்கோ காத்திருக்கிறேன். பேட்டரி தீர்கிறது என்று ரிமோட் கத்தியபோதுதான் உறைத்தது. "நிக்குது மச்சான், அடி" என்பான் சலீம். அதன்பிறகுதான் அழுத்துவேன். ஒரு படம்கூட வேறு மாதிரி எடுத்ததில்லை. பெரியதில் எடுத்தபோது ஓட்டுவதும் எடுப்பதுமாகத் திணறியதில் தெரியவில்லை போல.

இறக்குவதற்குள் அந்த வெளிச்சம் போய்விட்டது. மொட்டை மாடியிலிருந்து முதலாளி: "எடுத்தாச்சா சார்?"
"பாதி ஆச்சு. நாளைக்கும் வரணும்." பச்சைப் பொய்.

வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது. நாற்பதைத் தாண்டிய ஆள், கழுத்தில் ரிமோட்டைத் தொங்கவிட்டுக்கொண்டு வயல்நடுவில். நல்லவேளை, தரையோடு கிடந்த பனி முழுக்க விலகவில்லை.

ஜன. 22, வியாழன்
மறுபடியும் சின்னது. இந்த முறை நானே வாய்விட்டு "நிக்குது, அடி" என்று சொல்லிவிட்டு அழுத்தினேன். வாட்ச்மேன் திரும்பிப் பார்த்தார்: "யார்ட்ட சார் பேசுறீங்க?"
"கேமராகிட்ட."

ஒரே இடத்தில் நிறுத்தி, கேமராவை மட்டும் திருப்பித் திருப்பி எடுத்த படங்களை வீட்டில் ஒன்றாக ஒட்டினேன். சுவர் அளவுக்குப் பெரிதாக்கினாலும் கதிர் கதிராய்த் தெரிகிறது. நிழலில் மட்டும் பெரியது கொஞ்சம் மேல். ரிசப்ஷனில் சாவி வாங்குகிறவன் நிழலையா பார்க்கப்போகிறான்?

காபித்தூள் தீர்ந்துவிட்டது.

ஜன. 23, வெள்ளி
முதலாளிக்குப் படம் பிடித்துவிட்டது. சலீமுக்கும் அனுப்பினேன். பார்த்ததற்கு நீல டிக் விழுந்தது, பதில் இல்லை.

லென்ஸ், சென்சார் என்று எழுதியதெல்லாம் சால்ஜாப்பு. பெரியதை நான் விரும்பியது படத்துக்காக இல்லை. இரண்டாவது ரிமோட் வீட்டில் இருந்தால் அவன் வருவான் என்று ஒரு நினைப்பு. தனியாக இருக்கிறேன். தனியாகத்தான் எடுக்கப்போகிறேன். சின்னதையே வாங்கிவிட்டேன்.

ஜன. 24, சனி
காற்று. மதியம் சலீம் போன். பின்னால் ஒரே இரைச்சல்.
"படம் சூப்பர் மச்சான். எதுல எடுத்த?"
"சின்னதுல. அதையே வாங்கிட்டேன்."
"ரெண்டு ரிமோட்டு வருமா அதுல?"
"ஒண்ணுதான்."
கட்டாகிவிட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தேன். கால் நேரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது.
"அப்ப நான் வந்தா சும்மா நிக்கணுமா மச்சான்?" என்றான்.