ஆண்டு முழுவதும் சாலை உண்டு

ஹியுமா தீவு, எஸ்டோனியா
18 நவம்பர் 1993

மதிப்பிற்குரிய வணிகப் பிரதிநிதி கல்யோ அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் மீன் தொழிற்சாலையின் சார்பில் எழுதுகிறேன். நாற்பது ஆண்டுகளாக நாங்கள் டப்பாவில் அடைத்த கிலு மீன் முழுவதும் லெனின்கிராடுக்குப் போனது. இப்போது அந்த ஊருக்குப் பெயரும் மாறிவிட்டது, அங்கே வாங்குகிறவர்களும் இல்லை. கிடங்கு கூரை வரை நிரம்பியிருக்கிறது. தொண்ணூற்றிரண்டு பேர் வேலை செய்கிறோம். அமெரிக்காவில் ஒருவர் வாங்க முன்வராவிட்டால் அடுத்த கோடைக்குள் கதவைச் சாத்த வேண்டியதுதான்.

அமைச்சகத்தில் விசாரித்தேன். "பால்டிமோர்ல நம்ம ஆள் ஒருத்தர் இருக்காரு, உங்க தீவுக்காரர்தான், அவருக்கு எழுதுங்க" என்றார்கள். பெயரைக் கேட்டதும் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். வேறு யாராவது இருந்திருந்தால் அவருக்கே எழுதியிருப்பேன்.

மாதிரிக்கு ஆறு டப்பாக்கள் தனியே அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
மைமு
மேலாளர்

பி.கு.: சிக்னே தார்த்து பல்கலைக்கழகத்தில் நன்றாகப் படிக்கிறாள். உங்களுக்குக் கடிதம் போடச் சொன்னேன். போட்டாளா?


பால்டிமோர்
6 டிசம்பர் 1993

அன்புள்ள மைமு,

'அவர்களுக்கு' எல்லாம் எதற்கு? பதினான்கு ஆண்டு ஒரே வீட்டில் இருந்தோம். பிரிந்து ஒன்பது ஆண்டுதான் ஆகிறது. அந்தக் கணக்குப்படி உன்னை 'நீ' என்று சொல்ல எனக்கு இன்னும் ஐந்து ஆண்டு பாக்கி இருக்கிறது.

என் அலுவலகம் ஒரு செருப்புக் கடைக்கு மேலே ஒற்றை அறை. ஒரு மேசை, ஒரு ஃபேக்ஸ் இயந்திரம், ஒரு கொடி. தினமும் யாராவது கேட்கிறார்கள்: "எஸ்டோனியாவா? அது ரஷ்யாவுல எந்தப் பக்கம்?" "எந்தப் பக்கமும் இல்ல" என்கிறேன். நம் வெளியுறவுக் கொள்கை முழுவதும் அவ்வளவுதான்.

நல்ல செய்தி. டன்லீவி என்று ஒருவர், தாத்தா காலத்திலிருந்து மீன் இறக்குமதி செய்கிறவர். உன் டப்பா ஒன்றைத் திறந்து வைத்தேன். "இது உப்பா, மசாலாவா?" என்றார். "ரெண்டும்தான்" என்றேன். இரண்டாவது டப்பாவை விரலாலேயே எடுத்துத் தின்றார். மாதம் ஒரு கண்டெய்னர் எடுக்கலாம் என்கிறார். பிப்ரவரியில் தீவுக்கே வருகிறார்.

மே மாதம் நம் அமைச்சர் இங்கே வந்து வணிக ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறார். "வெறும் காகிதமா இருக்கக் கூடாது கல்யோ, ஒரு மீனாவது அதுல நாறணும்" என்று தொலைபேசியில் சொன்னார். அந்த மீன் உன்னுடையதாக இருக்கட்டும்.

டன்லீவிக்கும் அமைச்சகத்துக்குமாக நான்கு பக்க அறிக்கை எழுதினேன். அழகாகவே வந்திருக்கிறது. நீ பார்த்தால் குறை சொல்வாய், அதனால் நகல் அனுப்பவில்லை.

நம் மகள் எழுதவில்லை. பரவாயில்லை.

அன்புடன்,
கல்யோ


ஹியுமா
21 பிப்ரவரி 1994

கல்யோவுக்கு,

உன் டன்லீவி வந்து போனார்.

அந்த வாரம் படகு நின்று ஐந்து நாள் ஆகியிருந்தது. கடல் உறைந்து அதன்மேல் பனிச்சாலை திறந்திருந்ததால் ஓட்டுநர் ஆகுஸ்டும் நானும், மொழிபெயர்க்க வந்த சிக்னேயும் காரிலேயே அக்கரைக்குப் போய் அவரை ஏற்றிக்கொண்டோம். திரும்பும்போது கார் உறைந்த கடலில் இறங்கியதும் மனிதர் சீட் பெல்ட்டைப் போட்டார். ஆகுஸ்ட் வண்டியை நிறுத்திவிட்டார்.

"ஐயாவை பெல்ட்டைக் கழட்டச் சொல்லும்மா."

"ஏன் கழட்டணும்?" என்று கேட்டார் அவர்.

"பனி உடைஞ்சா சட்டுனு வெளிய குதிக்கணுமில்ல?"

சிக்னே அதையும் அப்படியே ஆங்கிலத்தில் சொல்லிவிட்டாள்.

பாதி வழியில் அவர் பையிலிருந்து உன் அறிக்கையை எடுத்தார். "'ஆண்டு முழுவதும் அக்கரையோடு நேரடிச் சாலைத் தொடர்பு உண்டு'ன்னு இதுல போட்டிருக்கு. அந்தச் சாலை எங்க?"

ஆகுஸ்ட் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அதுமேலதான் போய்க்கிட்டிருக்கோம்னு சொல்லு."

கரை ஏறும் வரை டன்லீவி கதவுக் கைப்பிடியை விடவில்லை. தொழிற்சாலை வாசலில், டப்பா அடைக்கும் ஹில்யா அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "பாவம், நம்ம மீனைவிட வெளுத்துப் போயிருக்காரே" என்றாள். கறுப்பு ரொட்டியில் முட்டையும் கிலுவும் வைத்துக் கொடுத்தாள். நான்கு துண்டு சாப்பிட்ட பிறகுதான் நிறம் திரும்பியது. அப்புறம் என்னிடம் கேட்டார்: "அந்தப் பனி மேல லாரி போகுமா?"

"போகாது. ரெண்டரை டன்னுக்கு மேல ஏத்தினா, பிடிச்ச மீன் திரும்பவும் கடலுக்கே போயிடும்."

சிரித்தார். "அப்ப வருஷத்துல எத்தனை வாரம் எனக்குச் சரக்கு வராது?"

"மிஞ்சிப்போனா ஆறு வாரம்" என்றேன்.

அவருக்குக் கோபம் இல்லை, கல்யோ. முன்னாலேயே தெரிந்தால் அந்த வாரங்களுக்குச் சரக்கு சேர்த்து வைத்துக்கொள்வாராம். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார். சாலை உண்டு என்று கையெழுத்திட்டவரே அது தவறு என்றும், சரக்கு எத்தனை வாரம் வராது என்றும் எழுதி, முத்திரையோடு தர வேண்டும். "அந்த ஆள் இதைத் திருத்தினாத்தான் அடுத்து அவர் எழுதுறதை நம்ப முடியும்" என்றார். ஏப்ரல் முடியும் வரை காத்திருப்பாராம்.

எழுதி அனுப்பு.

மைமு


பால்டிமோர்
9 மார்ச் 1994

அன்புள்ள மைமு,

குளிர்காலத்தில் பனிச்சாலை, மற்ற நாளில் படகு. படகு என்பது சாலையின் தொடர்ச்சிதானே? இதில் பொய் எங்கே இருக்கிறது? நம் ஊரில் யாரைக் கேட்டாலும் அதைச் சாலை என்றுதான் சொல்வார்கள்.

சரி, உன்னிடம் வாதாடி நான் ஜெயித்ததில்லை. உள்ளதைச் சொல்கிறேன். அந்த வரி அமைச்சருக்குப் பிடித்துவிட்டது. மே மாதம் துறைமுக அதிகாரிகள் முன் அவர் பேசப்போகும் உரையில் சேர்த்துவிட்டார்கள், அச்சும் ஆகிவிட்டது. இப்போது நானே மறுத்து எழுதினால் மூட்டை கட்ட வேண்டியதுதான். பழைய ஆட்சியில் இருபது ஆண்டு துறைமுகக் கொட்டகையில் எந்திரக் கையேடுகளை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். ஐம்பத்தோரு வயதில் ஒரு நாட்டின் சார்பாகப் பேசும் வேலை கிடைத்திருக்கிறது. இது போனால் என்னை வேறு எங்கே அனுப்புவார்கள்?

நீயே மேலாளர் என்ற முறையில் எழுதிக் கொடேன். அவர் ஏற்றுக்கொள்வார்.

கல்யோ


ஹியுமா
2 ஏப்ரல் 1994

கல்யோ,

எழுதிக் கொடுத்தேன். டன்லீவி திருப்பி அனுப்பிவிட்டார்.

போன வாரம் பன்னிரண்டு பேரை நிறுத்தினேன். ஹில்யாவும் அதில் ஒருத்தி. மேலங்கியைக் கழற்றி மடித்துக் கொடுத்துவிட்டு, "உன் புருஷன் இன்னும் யோசிச்சுக்கிட்டா இருக்காரு?" என்றாள்.

"அவர் என் புருஷன் இல்ல."

"அவர் கடுதாசிக்குக் காத்துக்கிட்டிருக்கிறது நீதானே? அப்ப உன் புருஷன்தான்."

உன் வேலை போவதில் எனக்குச் சந்தோஷம் எதுவும் இல்லை. நீ அந்தக் கொட்டகையில் இருந்த நாளெல்லாம் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். ஆனால் இங்கே எண்பது பேர் மிச்சமிருக்கிறோம். இனி உன்னை வற்புறுத்தி எழுதமாட்டேன்.

மைமு


பால்டிமோர்
27 ஏப்ரல் 1994

அன்புள்ள மைமு,

உன் கடிதம் வந்த பிறகு பத்து நாள் எதுவும் செய்யவில்லை. பிறகு நம் தீவின் துறைமுக அதிகாரிக்கு ஃபேக்ஸ் அனுப்பி, கடந்த பத்து ஆண்டில் படகு நின்ற நாட்களைக் கேட்டேன். பதிவேட்டைப் பார்த்து வரிசையாக எழுதி அனுப்பினார்.

சராசரி எட்டு வாரம். 1987இல் பதினொன்று. ஆறு வாரத்துக்குள் முடிந்த குளிர்காலம் பத்தில் மூன்றுதான்.

நீ ஆறு என்று சொல்லியிருந்தாய். நானும் ஆறு என்றே எழுதியிருக்கலாம், இரண்டு பேர் சொன்னதும் ஒத்துப் போயிருக்கும். தட்டச்சு இயந்திரத்தில் 'ஆறு' என்று அடித்தும் பார்த்தேன். பிறகு அந்தத் தாளை உருவிவிட்டு வேறு தாள் போட்டேன்.

"சாலை உண்டு என்று நான் எழுதியது தவறு. சாதாரணமாக எட்டு வாரமும், கடுங்குளிர் ஆண்டில் பதினொரு வாரமும் சரக்கு வராது." கீழே கையெழுத்தும் முத்திரையும். ஒன்று டன்லீவிக்கு, ஒன்று அமைச்சகத்துக்கு. உனக்கான நகல் இத்துடன் இருக்கிறது. இதனால் அவர் பின்வாங்கினால் பழி என்னுடையது; உன் தொழிற்சாலைப் பெண்களிடம் அப்படியே சொல்.

அமைச்சகத்திலிருந்து மறுநாளே தொலைபேசி வந்தது. உரையில் அந்த வரியை அடித்துவிட்டார்களாம். ஜூன் மாதம் எனக்குப் பதில் வேறொருவர் வருகிறார். கொடியை மட்டும் விட்டுவிட்டு வரச் சொன்னார்கள்.

கல்யோ


ஹியுமா
11 மே 1994

அன்புள்ள கல்யோ,

டன்லீவியின் பதில் நேற்று வந்தது. பன்னிரண்டு கண்டெய்னர் இல்லை, ஏழு. மே முதல் நவம்பர் வரை மாதம் ஒன்று. குளிர்காலத்துக்கு எதுவும் வேண்டாம் என்கிறார். முதல் கண்டெய்னர் வரும் வெள்ளிக்கிழமை படகு ஏறுகிறது. அறுபத்தைந்து பேருக்கு வேலை இருக்கும். ஹில்யாவைத் திரும்பக் கூப்பிட்டுவிட்டேன். மீதிப் பேருக்கு என்ன சொல்வது என்று இன்னும் தெரியவில்லை. ஆறு என்றே இருந்திருந்தால் பன்னிரண்டும் கிடைத்திருக்கும். வரும் குளிர்காலத்தோடு எல்லாம் போயும் இருக்கும்.

ஒன்று சொல்ல வேண்டும். ஆறு என்று நான் சொன்னபோது எனக்குப் பதினொன்று தெரியும். 1987 மார்ச்சில் கிடங்கு வாசலில் நின்று படகு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தவள் நான்தானே. சிக்னே ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஆறு என்றே மொழிபெயர்த்தாள்.

விவாகரத்து மன்றத்தில் நீதிபதி என்னைக் கேட்டபோது, "இவர் எதையும் கூட்டியேதான் சொல்வார்" என்றேன். உன்னைக் கேட்டபோது நீ என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்வதற்கு ஒன்றும் இல்லாததால்தான் என்று இத்தனை ஆண்டு நினைத்திருந்தேன். நான் குறைத்துச் சொல்கிறவள் என்று நீ சொல்லியிருக்கலாம்.

ஜூனில் வந்து இறங்கியதும் உன் அம்மாவின் பழைய வீட்டுக்குப் போகாதே, நேராக இங்கே வா. அங்கே கூரை மூன்று இடத்தில் ஒழுகுகிறது. போன வாரம் நானே ஏணி போட்டு ஏறிப் பார்த்தேன். மூன்று இடம்தான், கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

மைமு