மடத்துச் சுவர்

ஆவணி 12, செவ்வாய்

இன்று மடத்துக்கு ஒரு அம்மா வந்தார். பழைய வழிப்போக்கர் மடம். தொல்லியல் ஆட்கள் பொறுப்பெடுத்த பிறகு நான்தான் காவல். அந்த அம்மா போன மாதம்தான் இந்திய அகதி முகாமிலிருந்து தன் ஊரான கீரிக்குத் திரும்பினாராம்.

"சண்டைக்குள்ள ஓடேக்க, போற இடத்தை மடத்துச் சுவரில கரியால எழுதிப்போட்டுப் போறன் எண்டு மகன் சொல்லிவிட்டவன், தம்பி."

சுவர் வெள்ளையாக இருந்தது. பழைய கட்டடத்தில் கரிக் கிறுக்கல் இருக்கக் கூடாது என்றார்கள். இரண்டு தரம் சுண்ணாம்பு அடித்தவன் நான். ஒரு வரியைக்கூட வாசிக்கவில்லை.

அவர் சுவரைத் தடவிக்கொண்டே நின்றார்.

"அழிக்க முந்தி நீங்கள் வாசிச்சிருப்பீங்கள்தானே?"

"ஓம் அம்மா. அடம்பன் எண்டு கிடந்தது."

என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றினார். பிறகு ஓடிப்போய் பஸ் ஏறிவிட்டார்.

வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். மடத்தடியில் நின்ற அந்த பஸ்ஸின் பலகையில் அடம்பன் என்று இருந்தது. அதைப் பார்த்துத்தான் சொன்னேன். வேறு பஸ் நின்றிருந்தால் வேறு ஊர் சொல்லியிருப்பேன்.

இந்நேரம் அங்கே வீடு வீடாகக் கேட்டுக்கொண்டிருப்பார். காலையில் அந்த பஸ் இந்த வழியால்தான் திரும்பி வரும்.