உன் பொங்கலில் மிளகு பொறுக்கியவள்

அடையாறு டிப்போவில் பஸ் ஏறியதுமே அந்த வாசனை அடித்தது. முன்சீட்டில் ஒரு கல்லூரிப் பெண் முழங்காலுக்கு வலி ஸ்ப்ரே அடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நான் மட்டும் இன்னும் கொஞ்சம் அவள் பக்கமாக நகர்ந்தேன். பிசியோதெரபி கிளினிக்கிலிருந்து நீ வீடு திரும்பும்போது உன் சட்டையிலும் விரல்களிலும், சில நாள் சாப்பாட்டுத் தட்டின் விளிம்பிலும்கூட இருந்த வாசனை. சட்டென்று அந்தப் பெண்மீது எனக்குக் கோபம் வந்தது. என் வீட்டு வாசனையை இவள் எப்படி எடுத்துப் பூசிக்கொள்ளலாம்?

நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய். "ஆரம்பிச்சிட்டியா மச்சி?" என்றிருப்பாய். கல்யாணத்துக்குப் பிறகும் நீ அப்படித்தான் கூப்பிட்டாய். அம்மாவுக்கு அது பிடிக்கவே இல்லை. "உன் வூட்டுக்காரரு இன்னாடி உன்ன மச்சின்றாரு? ஆம்பளயா நீ?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

நந்தனத்தில் படித்த நாட்களில் தொடங்கிய மச்சி அது. நீ ஆதம்பாக்கம், நான் மயிலாப்பூர். ஒரே பஸ்ஸில் போக வழியே இல்லாதவர்கள். ஆனாலும் நீ என்னோடு மயிலாப்பூர்வரை வந்து, குளத்தைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டுத்தான் உன் வீட்டுக்குப் பஸ் பிடிப்பாய். ஏன் என்று நீயும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. நண்பன் என்றால் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

பிறகு வேலைக்குப் போனோம். நீ அடையாறில் பிசியோ. நான் தி. நகரில் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். என் வாழ்க்கையில் பிரபு வந்தான். வங்கியில் வேலை, மென்மையான பேச்சு, சொன்ன நேரத்துக்கு வந்து நிற்பவன். உன்னிடம்தான் முதலில் சொன்னேன். "ஷூ எல்லாம் பளபளன்னு இருக்கு. ஆள் எப்படி?" என்று கேட்டாய். அதற்குப் பிறகு அவனைப் பற்றி எப்போது பேசினாலும் ஷூவில் ஆரம்பித்தாய். உனக்கும் வயிறு எரிந்தது என்று இப்போது தெரிகிறது. அப்போது வெறும் கிண்டல் என்றே நினைத்தேன்.

உன் கிளினிக்கில் புதிதாகச் சேர்ந்த ஆர்த்தியைப் பற்றி நீ சொன்னபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. சத்தியமாக. அவளுக்கு நீ ஸ்கூட்டி ஓட்டக் கற்றுத்தருவதைப் பார்க்கும்வரை அந்தச் சந்தோஷம் இருந்தது. பெசன்ட் நகரில் ஒரு காலி ரோடு. வண்டியின் பின்னால் ஓடிக்கொண்டே நீ கத்தினாய்: "சக்கரத்தப் பாக்காத, போற எடத்தப் பாரு!"

அது எனக்குச் சொன்ன வார்த்தை. அதே ரோட்டில், அதே குரலில், எனக்குச் சொன்னது. கற்றுக்கொடுக்கிறவன் எல்லோருக்கும் அதையேதான் சொல்வான் என்று புத்திக்குத் தெரிந்தது. ஆனாலும் தலைவலி என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன். வீட்டில் அம்மாவிடம் எரிந்து விழுந்தேன். அவள் துணி மடித்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள்.

"அவன் யாரு கூட சுத்துனா உனக்கு இன்னாடி?"

குளிக்கப் போய்விட்டேன்.

அப்புறம் அந்த வெண்பொங்கல். மயிலாப்பூரில் நாம் வழக்கமாகச் சாப்பிடும் கடை, வழக்கமான சுவரோர மேஜை. நாலு பேரும் சேர்ந்து போகலாம் என்றது நீதான். பொங்கலில் மிளகு கடிபட்டால் உனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். கல்லூரிக் காலத்திலிருந்தே உன் தட்டை என் பக்கம் இழுத்து, பேசிக்கொண்டே மிளகைப் பொறுக்கி ஓரத்தில் வைப்பேன். அன்றும் கை நீட்டினேன். அதற்குள் ஆர்த்தி உன் தட்டை இழுத்துக்கொண்டாள். அவளுக்கு நகம் நீளம். என்னைவிட வேகமாகவும் சுத்தமாகவும் பொறுக்கினாள். நீ பிரபுவிடம் கிரிக்கெட் பேசிக்கொண்டிருந்தாய், கவனிக்கவே இல்லை. நீட்டிய கையால் சட்னிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டேன். எனக்குச் சட்னி வேண்டியிருக்கவில்லை.

ஒரு பெண்ணை அவ்வளவு வெறுக்க முடியும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. அவள் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. வெளியே வந்ததும் என் துப்பட்டாவில் ஒட்டியிருந்த சோற்றுப் பருக்கையைத் தட்டிவிட்டாள். அதற்கும் வெறுத்தேன்.

பிரபு எல்லாவற்றையும் பார்த்திருக்கிறான். அடுத்த வாரம் பனகல் பார்க்கில் உட்கார்ந்திருந்தபோது, கோபமே இல்லாமல் சொன்னான்: "நீ என்கிட்ட பேசும்போது பாதி நேரம் அவனப் பத்திப் பேசற. மீதி நேரம், இத அவன்கிட்ட எப்படிச் சொல்லலாம்னு யோசிக்கற. எனக்கு எடமே இல்லயே."

அன்றோடு எங்களுக்குள் முடிந்தது. அவன் என்னைப் பஸ் ஏற்றிவிட்டுத்தான் போனான். அதை உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் நீ ஏன் என்று கேட்பாய். உனக்கு ஆர்த்தி இருந்தாள். போன் வந்தால் வேலை அதிகம் என்றேன். கடைத்தெருவில் ஜோடியாக யார் போனாலும் நீங்களோ என்று எட்டிப் பார்த்தேன்.

ஒரு மத்தியானம் நீயே கடைக்கு வந்து நின்றாய். கண் வலிக்கிறது, டெஸ்ட் பண்ணு என்றாய். உன் கண்ணுக்கு ஒரு கோளாறும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் முதலாளி பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளறைக்கு அழைத்துப்போய் விளக்கை அணைத்து, அந்தக் கனமான சோதனைக் கண்ணாடியை உன் மூக்கில் மாட்டினேன். உன் மூச்சு என் மணிக்கட்டில் பட்டது.

"இது நல்லாத் தெரியுதா, இதுவா?"

"ரெண்டும் ஒண்ணுதான்."

"ஒழுங்காப் பாத்துச் சொல்லு. ஆர்த்தி வரலையா?"

"வரமாட்டா. அவகிட்ட சொல்லிட்டேன்."

"என்னன்னு?"

"உன்னப் பத்தி."

லென்ஸ் பெட்டியை மூடினேன், திறந்தேன், மறுபடி மூடினேன். "நான் பிரபுகிட்ட பேசி ஒரு மாசத்துக்கு மேல ஆவுது" என்றேன். நீ அந்தக் கண்ணாடியைக் கழற்றாமலே என்னைப் பார்த்தாய். "ஏன் மச்சி சொல்லல?" என்று கேட்டபோது உன் குரல் சரியாக வரவில்லை.

வடபழனியில் கல்யாணம் நடந்தது. நன்றாகத்தான் வாழ்ந்தோம். சண்டையெல்லாம் போட்டோம். உன் நோயாளிகளில் அழகான பெண்கள் இருந்தால் அவர்களுக்குத் தோள்வலியா முதுகுவலியா என்று விசாரித்தேன். நீ வேண்டுமென்றே சொல்லாமல் இழுப்பாய். போன மழைக்காலத்துக்கு முன்பு ஒருநாள் காலை ஷட்டில் ஆடப் போன நீ, ஆடிக்கொண்டிருக்கும்போதே சரிந்தாய். நான் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. உன் தலையைக் கடைசியாக மடியில் வைத்திருந்தவர், எனக்குப் பெயர் தெரியாத யாரோ ஒருவர். அவர்மீதும் எனக்குப் பொறாமைதான்.

போன ஞாயிறு ஆர்த்தி வீட்டுக்கு வந்தாள். இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறாளாம், இரண்டு வாரத்துக்கு இங்கே வந்திருக்கிறாளாம். தாமதமாகத்தான் தெரிந்ததாம். உன் படத்தின் முன்னால் நின்று விசும்பி விசும்பி அழுதாள். காரியத்தன்றுகூட நான் அப்படி அழவில்லை. அடுப்படியில் அம்மா என் காதில், "இன்னாடி, பொண்டாட்டி நீயா அவளா?" என்றாள்.

காபி குடித்தபிறகு ஆர்த்தி மெதுவாகச் சொன்னாள். "உங்கள லவ் பண்றேன்னு என்கிட்ட சொன்ன அன்னிக்கு அவன் எவ்ளோ அழுதான் தெரியுமா? கிளினிக் மாடில உக்காந்து, சின்னப் புள்ள மாதிரி. அவ முடியாதுன்னுட்டா ஃப்ரெண்டும் போயிடுவா, அப்புறம் நான் யார்கிட்ட போய் அழுவேன்னு கேட்டான். எனக்கே பாவமாப் போச்சு. நாந்தான் சொன்னேன், போய்க் கண்ணு டெஸ்ட் பண்ணிக்கோ, அந்த ரூம விட்டு அவளால ஓட முடியாதுன்னு."

நான் சிரித்தேன். சிரிக்கத்தான் வேண்டியிருந்தது. ஆனால் உள்ளே பற்றிக்கொண்டு எரிந்தது. இத்தனை வருடத்தில் நீ என் முன்னால் ஒருமுறைகூட அழுததில்லை. எனக்காக நீ அழுத ஒரே ஒரு அழுகை, அதுவும் அவளிடம் இருக்கிறது. என்னைத் தேடி வரும் யோசனையையும் அவளே தந்திருக்கிறாள். கைவிடப்பட்ட நாளில், தன் வலியை ஓரமாக வைத்துவிட்டு உன் முதுகைத் தட்டிக்கொடுத்திருக்கிறாள். நானாக இருந்தால் செய்திருப்பேனா? மாட்டேன்.

"அழும்போது எப்படி இருந்தான்?" என்று கேட்டேன். அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு, உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டான் என்றாள். செய்தும் காட்டினாள். நான் பார்த்தேயிராத உன் முகம் அவள் முகத்தில் வந்து போனது. இன்னொரு முறை செய்து காட்டச் சொல்ல வெட்கமாக இருந்தது.

நீ போனபின் பசி குறைந்தது, தூக்கம் குறைந்தது, கோபம்கூடக் குறைந்துவிட்டது. இந்தப் பொறாமை மட்டும் அப்படியே இருக்கிறது. இது இருக்கும்வரை நீ எங்கோ யாருடனோ சுற்றிக்கொண்டிருப்பதாகவே மனம் நம்புகிறது. அதனால் இதை விட எனக்கு மனமில்லை.

வருகிற ஞாயிறும் ஆர்த்தியைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறேன். உன்னைப் பற்றி இன்னும் என்னவெல்லாம் வைத்திருக்கிறாளோ. நினைக்கும்போதே வயிறு எரிகிறது. வரட்டும்.