பென்சில் சீட்டு

ஜூன் 1, ஞாயிறு
எங்கள் தத்துவ வட்டத்தின் பதினோராவது கூட்டம், என் அம்பத்தூர் வீட்டில். நான்கு பேர், ஒரு மூளை. யாருடையது என்று எழுதத் தேவையில்லை. பத்திரம் எழுதும் மோகன், வாட்ஸப்பில் வந்ததைத் தத்துவம் என்று வாசித்தான். பூந்தமல்லியில் டியூஷன் எடுக்கும் ஜஹானாரா கேள்வி கேட்பாள். பதில் வருவதற்குள் சமோசாவை எடுத்துவிடுவாள். பாடியில் இருக்கும் கஜபதி வாயே திறக்கவில்லை. அவன் மனைவி சித்ரா இறந்து நாற்பது நாள்தான். விட்டுவிட்டேன்.
அடுத்த தலைப்பைப் பெயர் போடாமல் சீட்டில் எழுதி, பிஸ்கட் டப்பாவில் போடச் சொன்னேன்.

ஜூன் 3
உப்புமா. அடுப்பு முன்னால் நின்றபடியே. என் மனைவி வடிவு புனேக்கு, மகள் வீட்டுக்குப் போய் இரண்டு வருஷம். பேரனுக்குப் பள்ளி திறக்கிறதாம், இப்போதும் வர முடியாதாம். திறக்கட்டும்.

ஜூன் 8, ஞாயிறு
டப்பாவில் கை விட்டேன். ‘தனியாக எப்படிச் சாப்பிடுவது?’ பென்சில் எழுத்து. கல்லூரியில் முப்பது வருஷம் தத்துவம் எடுத்தது இதற்குத்தானா?
“என்ன இது, சமையல் குறிப்பா? நல்ல மெஸ்ஸா பார்த்து அட்ரஸ் குடுத்துடலாமா?” என்றேன். மோகன் சிரித்தான். கஜபதியும் சிரித்தான். கசக்கிப் போட்டுவிட்டு என் சீட்டையே எடுத்தேன்: ‘மரணத்தின் பொருள்’. ஒன்றரை மணி நேரம் பேசினேன். ஜஹானாரா கஜபதியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கவனம் இல்லாதவள்.

ஜூன் 15, ஞாயிறு
ஒருவரும் வரவில்லை. பன்னிரண்டு சமோசா.

ஜூன் 16
ஜஹானாராவுக்கு போன் செய்தேன்.
“அது கஜபதி அண்ணன் சீட்டுண்ணே. இன்னுமா தெரில? இப்ப அவரு ஊட்லதான் கூடுறோம். நீங்க வந்தா யாரையும் பேச உடமாட்டீங்கன்னு கூப்புடல.”
பெயர் போடாதே என்றவன் நான். சித்ராவின் சாவு வீட்டில் முன்னால் நின்றவனும் நான்தான். சே, என்ன ஜென்மம் நான்?

ஜூன் 22, ஞாயிறு
போகவில்லை. நானில்லாமல் அந்த மூன்று பேரும் என்ன பெரிதாகப் பேசிவிடப் போகிறார்கள்?

ஜூன் 24
தயிர்சாதம். நின்றபடி.

ஜூன் 29, ஞாயிறு
பாடிக்குப் போனேன். தரையில் நான்கு தட்டு.
“வா மாமே, குந்து. துன்னுகினே பேசலாம்,” என்றான் கஜபதி.
நான்காவது தட்டைப் பார்த்தேன். “போன வாரமும் உங்களுக்குப் போட்டுத்தான் வச்சிருந்தாரு,” என்றான் மோகன்.
தலைப்பு அந்தப் பென்சில் சீட்டுதான். ஒவ்வொருவராகச் சொன்னார்கள். என் முறை வந்தது.
“நா நின்னுகினேதான் துன்றேன். ரெண்டு வருசமா,” என்றேன். கஜபதி குழம்புச் சட்டியை என் பக்கம் நகர்த்தினான்.