ரெண்டரை என்று வந்த எண்ணெய்த் துளி

என் அலமுவுக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. நேற்று பன்னிரண்டாம் வகுப்பில் மின்னூட்டம் நடத்தினேன். எலக்ட்ரானிடம் இருக்கிற அளவுதான் அடிப்படை, எந்தப் பொருளின் மின்னூட்டமும் அதன் முழு மடங்காகத்தான் வரும் என்று போர்டில் எழுதும்போது உன் முகம்தான் முன்னால் நின்றது. சாக்பீஸை வைத்துவிட்டு நம் எண்ணெய்த் துளிக் கதையைச் சொன்னேன். ஒரே ஒரு இடத்தை மட்டும் விட்டுவிட்டேன். அது எந்த இடம் என்று உனக்குத் தெரியும்.

கள்ளக்குறிச்சியில் எம்.எஸ்சி. படித்தபோது அந்தச் சோதனைக்கு நாம்தான் ஜோடி. இரண்டு உலோகத் தட்டுகளுக்கு நடுவே எண்ணெயைத் தெளித்து, ஒரே ஒரு துளியைக் கண் எரிய எரியப் பார்த்துக்கொண்டிருப்போம். மின்னழுத்தம் கொடுத்தால் ஏறும், நிறுத்தினால் இறங்கும். அந்த நேரங்களை வைத்துத் துளியின் மின்னூட்டத்தைக் கணக்கிட வேண்டும்.

"ஏன்டி முழுசு முழுசாவே வருது?" என்று கேட்டேன்.

"பஸ்ல ஆள் ஏறுற மாதிரிதான். ஒருத்தர் ஏறலாம், மூணு பேர் ஏறலாம். அரை ஆள் ஏற முடியுமா?"

"அரை டிக்கெட்டு இருக்குதே?"

"அரை டிக்கெட்டு வாங்கினாலும் ஏறுறது முழு ஆள்தான்டி."

எந்தப் புத்தகமும் எனக்கு அவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

அப்புறம்தான் அந்தத் துளி வந்தது. எத்தனை முறை கணக்குப் போட்டாலும் ரெண்டரை மடங்குக்குப் பக்கத்திலேயே நின்றது. நீ எழுந்து, "ரெண்டரை வருதுங்க சார்" என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். "மத்தவங்களுக்கெல்லாம் சரியா வருது, உனக்கு மட்டும் இன்னாம்மா?" என்ற சார் என் பக்கம் திரும்பினார். "உனக்கு எவ்ளோ வந்துச்சு?"

"மூணு வருதுங்க சார்" என்றேன்.

ஒரே துளி, ஒரே அளவு. ஏறுகிற நேரத்தைக் கொஞ்சம் குறைத்து எழுதி நான்தான் மூணாக்கியிருந்தேன். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். அப்படியே உட்கார்ந்துவிட்டாய்.

மறுநாளும் அதற்கு மறுநாளும் தனியாகவே அந்தக் கருவியோடு இருந்தாய். நான் வாசல் வரை வந்து வந்து திரும்பிப் போனேன். மூன்றாம் நாள் நீயே கூப்பிட்டாய். "இங்க வா, இதப் பாரு." அந்தத் துளி நடுக்கோட்டைத் தாண்டிய நேரத்தையும் முதல் நாளே நீ குறித்து வைத்திருந்தாய். யாரும் கேட்காத வேலை. கீழ்ப்பாதியில் அது மெதுவாக ஏறியிருந்தது, மேல்பாதியில் வேகமாக. "பாதி இல்லடி. ரெண்டோட ஏறிக்கினு இருந்தது, நடுவுல இன்னொரு எலக்ட்ரானப் புடிச்சிக்கிச்சு. நாம மொத்தமா கணக்குப் போட்டுட்டோம்." கீழ்ப்பாதிக்கு இரண்டு, மேல்பாதிக்கு மூன்று. அவ்வளவு சுத்தமாக வந்தது.

அதை சாரிடம் காட்டும்போது "நாங்க ரெண்டு பேரும் கண்டுபிடிச்சோம்" என்றாயே, ஏன் அலமு? அன்றைக்கு என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் நானும் மன்னிப்புக் கேட்டிருப்பேன். கல்யாணம், குழந்தை, வேலை என்று இத்தனை வருஷத்தில் ஒரு நாள் கூடக் கேட்கவில்லை. கடைசியாக ஆஸ்பத்திரியில் உன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது கேட்டுவிட வாயெடுத்தேன். நீ தூங்கிவிட்டாய்.

ஒரு சேதி சொல்கிறேன். மலையில் நீ பாடம் நடத்திய பள்ளிக்கூடத்தில் உன் இடத்துக்கு இயற்பியல் டீச்சராக இன்னும் யாரும் வரவில்லை என்று உன் மகள் போனில் சொன்னாள். நான் வேலை பார்க்கிற சங்கராபுரத்திலிருந்து அங்கே மாற்றல் கேட்டு எழுதினேன். "எல்லாரும் மலையிலேர்ந்து கீழ வரத்தான் பாக்கறாங்க. நீ மேல போறேன்ற" என்றார் வீட்டுக்காரர். கொஞ்ச நேரம் கழித்து, "கச்சிராயப்பாளையம் வழியா பஸ்ஸு எத்தினி மணிக்கு?" என்று அவரே கேட்டார்.

ஆர்டர் வந்துவிட்டது. திங்கட்கிழமை சேருகிறேன். முதல் வகுப்பில் இந்தக் கதையை முழுசாகச் சொல்வேன், "மூணு வருதுங்க சார்" என்று சொன்னது யார் என்பதையும் சேர்த்து. உன் வகுப்புப் பிள்ளைகள் ரெண்டரை என்று எழுதிக்கொண்டு வந்தால் சிரிக்க மாட்டேன், தப்பென்று கோடு போட்டு அடிக்க மாட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து கூடவே தேடுவேன்.

உன் மகளுக்குப் பெரியம்மா,
சாந்தி